ஆறு தேர்தல், ஆறு முறையும் எதிர்க்கட்சி: பெருநகர லண்டன் மன்றம் ஏன் கலைக்கப்பட்டது?

2025 மே மாதம் இங்கிலாந்தில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஒன்பது பகுதிகளில் நடக்கவில்லை. எசெக்ஸ், சர்ரே, நார்ஃபோக், சஃபோக், ஹாம்ப்ஷயர் போன்ற இடங்களில் இருந்த கவுன்சிலர்களே பதவியில் தொடர்ந்தார்கள். இரண்டு அடுக்காக இருக்கும் உள்ளாட்சியை ஒரே அடுக்காக மாற்றப்போகிறோம், கலைக்கப்போகும் மன்றத்துக்கு எதற்குத் தேர்தல் என்று அரசு காரணம் சொன்னது. 2024 டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கையின்படி, அந்த நாட்டில் மிச்சமிருக்கும் மாவட்ட மன்றங்கள் எல்லாமே சில ஆண்டுகளில் இல்லாமல் போகும்.

செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி, மக்கள் வாக்களித்து அமைத்த ஒரு மன்றத்தை மேலே இருக்கும் அரசு நினைத்தால் கலைத்துவிட முடியுமா, அதன் தேர்தலையே நிறுத்திவிட முடியுமா என்பதுதான். பிரிட்டனில் முடியும். அப்படிச் செய்ததில் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 1964 முதல் 1986 வரை இருந்த பெருநகர லண்டன் மன்றம். ஜி.எல்.சி என்ற சுருக்கப் பெயரில்தான் அதை எல்லோரும் அறிவார்கள்.

கென் லிவிங்ஸ்டன் என்ற இடதுசாரித் தலைவருக்கும் மார்கரெட் தாட்சருக்கும் நடந்த தனிச் சண்டையாகவே அதன் கதையைச் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. மீதி அந்த மன்றத்தின் தேர்தல் வரலாற்றில் இருக்கிறது.

## முதலில் நான்கு அடிப்படைகள்

1. பரோ. லண்டன் நகரம் 32 பரோக்களாகவும், தனி அந்தஸ்துள்ள பழைய சிட்டி பகுதியாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பரோவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. குப்பை அள்ளுவது, நூலகம், சமூக நலம் போன்ற அன்றாட வேலைகள் பரோவிடம் இருக்கும்.

2. மேலடுக்கு. 32 பரோக்களுக்கும் பொதுவான பெரிய வேலைகளுக்காக அமைந்தது ஜி.எல்.சி. முதன்மைச் சாலைகள், தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு, நகரம் முழுவதற்குமான நிலப் பயன்பாட்டுத் திட்டம், வீட்டு வசதியில் ஒரு பங்கு ஆகியவை அதன் பொறுப்பு. 1970 ஜனவரி 1 முதல் பேருந்தும் பாதாள ரயிலும் அதன் கட்டுப்பாட்டுக்கு வந்தன.

3. ரேட்ஸ். வீடு, கடை, அலுவலகக் கட்டடங்கள் மீது விதிக்கப்பட்ட உள்ளூர்ச் சொத்து வரி. ஜி.எல்.சி தனக்கு வேண்டிய தொகையைச் சொல்லும். பரோக்கள் தங்கள் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்க வேண்டும். அதாவது செலவு செய்து பெயர் வாங்குவது ஒருவர், வரி ரசீது அனுப்பித் திட்டு வாங்குவது இன்னொருவர். பிற்காலச் சண்டைகளில் பாதி இங்கிருந்து கிளம்பியவை.

4. சட்ட நிலை. பிரிட்டனில் எழுதப்பட்ட ஒற்றை அரசியலமைப்புச் சட்டம் கிடையாது. உள்ளாட்சி மன்றங்கள் நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டங்களால் உருவானவை. ஒரு சட்டத்தால் வந்ததை இன்னொரு சட்டத்தால் எடுத்துவிடலாம். சிறப்புப் பெரும்பான்மையோ மக்கள் வாக்கெடுப்போ தேவையில்லை.

## பிறப்பிலேயே ஒரு அரசியல் கணக்கு

ஜி.எல்.சிக்கு முன்பு 1889 முதல் லண்டன் கவுண்டி மன்றம் இருந்தது. அதன் எல்லை உள் லண்டன் மட்டும். நகரம் அந்த எல்லையைத் தாண்டி மிடில்செக்ஸ், சர்ரே, கென்ட், எசெக்ஸ் என்று எப்போதோ பரவிவிட்டது. எனவே நகரம் முழுவதையும் ஒரே நிர்வாகத்தில் கொண்டுவர வேண்டும் என்பதற்கு வலுவான நிர்வாகக் காரணம் இருந்தது. சர் எட்வின் ஹெர்பர்ட் தலைமையிலான அரச ஆணையம் 1957இல் அமைந்து 1960இல் அறிக்கை கொடுத்தது. அதை ஓரளவு மாற்றி 1963இல் லண்டன் அரசாங்கச் சட்டம் வந்தது.

இதோடு ஒரு அரசியல் காரணமும் இருந்தது என்று தொழிலாளர் கட்சி குற்றம்சாட்டியது. ஹெர்பர்ட் மாரிசன் தலைமையில் 1934இல் பிடித்த பழைய மன்றத்தை அந்தக் கட்சி அதன்பின் விடவே இல்லை. முப்பது ஆண்டு ஒரே கட்சி ஆட்சி. புறநகர்கள் கன்சர்வேடிவ் கட்சியின் செல்வாக்குள்ள பகுதிகள். அவற்றையும் உள்ளே சேர்த்தால் தராசு சாயும் என்று அன்றைய கன்சர்வேடிவ் அரசு எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை.

புறநகர்களில் சில உள்ளே வர மறுத்துத் தப்பித்தன. எப்சம் அண்ட் யூவல் அப்படி ஒரு ஊர். 1937 முதல் இன்றுவரை எந்தத் தேசியக் கட்சியும் அந்த மன்றத்தைப் பிடித்ததில்லை. குடியிருப்போர் சங்கங்களே ஆண்டுவருகின்றன. 1963இல் லண்டனுக்குள் போகாமல் தப்பிய அந்த மன்றமும், இப்போதைய மறுசீரமைப்பில் சர்ரேயின் மற்ற மாவட்ட மன்றங்களோடு சேர்ந்து கலைகிறது.

## வாக்கு இடமாக மாறிய விதம்

தேர்தல் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன், வாக்குகள் எப்படி இடங்களாக மாறின என்று தெரிந்துகொள்வது அவசியம். இல்லாவிட்டால் எண்கள் விசித்திரமாகத் தெரியும்.

முதல் மூன்று தேர்தல்களில் (1964, 1967, 1970) ஒவ்வொரு பரோவும் ஒரே தொகுதி. அதன் மக்கள்தொகைக்கு ஏற்ப 2 முதல் 4 உறுப்பினர்கள். மொத்தம் 100 பேர். ஒரு வாக்காளருக்கு அந்தத் தொகுதியில் எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள். பெரும்பாலோர் தம் கட்சியின் வேட்பாளர்கள் அத்தனை பேருக்கும் வாக்களிப்பார்கள். விளைவு, ஒரு பரோவில் சற்றே முந்திய கட்சி அங்குள்ள எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும். நான்கு பேர் கொண்ட தொகுதியில் 51க்கு 49 என்று தோற்றால், தோற்ற கட்சிக்கு நான்கில் ஒன்றுகூடக் கிடைக்காது.

1973இலிருந்து முறை மாறியது. நாடாளுமன்றத்துக்காகப் புதிதாக வரையப்பட்ட 92 தொகுதிகளையே ஜி.எல்.சியும் எடுத்துக்கொண்டது, தொகுதிக்கு ஒருவர். இந்தப் புதிய எல்லைகளில் லண்டனில் முதலில் நடந்தது நாடாளுமன்றத் தேர்தல் அல்ல, ஜி.எல்.சி தேர்தல்தான், நாடாளுமன்றம் 1974 பிப்ரவரியில்தான் அவற்றைப் பயன்படுத்தியது. அதே காலத்தில் பதவிக் காலமும் மூன்றாண்டிலிருந்து நான்காண்டாக நீண்டது. கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்ட ஆல்டர்மேன் என்ற கூடுதல் உறுப்பினர்களும் 1977க்குப் பின் இல்லை.

நாடாளுமன்றத் தொகுதியும் ஜி.எல்.சி தொகுதியும் ஒன்றே என்றானதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. இனி ஒவ்வொரு எம்.பி.க்கும் அதே எல்லைக்குள், அதே வாக்காளர்களிடம் வாக்கு வாங்கிய ஒரு கவுன்சிலர் இருப்பார். அவர் எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். ஜி.எல்.சி முடிவைப் பார்த்ததும் எந்த எம்.பி. அடுத்த முறை தோற்பார் என்று பத்திரிகைகள் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். உள்ளாட்சித் தேர்தல் தேசியக் கருத்துக்கணிப்பாக மாறியதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

## ஆறு தேர்தல்கள்

1. 1964 ஏப்ரல் 9. தொழிலாளர் கட்சி 64, கன்சர்வேடிவ் 36. அப்போது நாட்டின் பிரதமர் கன்சர்வேடிவ் கட்சியின் அலெக் டக்ளஸ்-ஹோம். புறநகர்களைச் சேர்த்தால் தராசு சாயும் என்ற கணக்கு முதல் தேர்தலிலேயே பொய்த்தது. வாக்குகளில் இடைவெளி குறைவு; மேலே சொன்ன அள்ளிக்கொள்ளும் முறை அதை 28 இடங்களாக ஊதிவிட்டது. மன்றத்தின் முதல் தலைவர் பில் ஃபிஸ்க். பிரிட்டன் பழைய ஷில்லிங் கணக்கை விட்டுத் தசம நாணயத்துக்கு மாறியபோது அந்த மாற்றத்துக்கான வாரியத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. மன்றம் முழுப் பொறுப்பை ஏற்றது 1965 ஏப்ரல் 1 அன்று.

2. 1967 ஏப்ரல் 13. கன்சர்வேடிவ் 82, தொழிலாளர் கட்சி 18. இப்போது பிரதமர் தொழிலாளர் கட்சியின் ஹரால்டு வில்சன். ஏறக்குறைய பாதி வாக்குகள் பெற்ற கட்சிக்கு ஐந்தில் நான்கு பங்கு இடங்கள். டெஸ்மண்ட் பிளமர் தலைவரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகர மண்டபத்தைத் தன் சொத்துபோல வைத்திருந்த கட்சிக்கு இது பேரிடி.

3. 1970 ஏப்ரல் 9. கன்சர்வேடிவ் 65, தொழிலாளர் கட்சி 35. வில்சன்தான் இன்னும் பிரதமர். பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. ‘சாலைக்கு முன் வீடு’ என்ற பெயரில் ஒரு புதிய அமைப்பு இந்தத் தேர்தலில் பல இடங்களில் வேட்பாளர்களை நிறுத்தியது. லண்டனைச் சுற்றி வளையம் வளையமாக அதிவேகச் சாலைகள் போடும் திட்டத்தை மன்றம் வைத்திருந்தது. அதற்காக ஏராளமான வீடுகள் இடிபட இருந்தன. அந்த அமைப்பு ஒரு இடத்திலும் வெல்லவில்லை. ஆனால் அடுத்த தேர்தலுக்குள் தொழிலாளர் கட்சி அந்தக் கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்டது. இன்று லண்டனின் உட்பகுதியில் அந்த வளையச் சாலைகள் துண்டு துண்டாக மட்டுமே இருப்பதற்கு, ஒரு இடம்கூட வெல்லாத ஒரு கட்சிக்கும் பங்குண்டு. உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர்களையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

4. 1973 ஏப்ரல் 12. தொழிலாளர் கட்சி 58, கன்சர்வேடிவ் 32, லிபரல் 2. பிரதமர் கன்சர்வேடிவ் கட்சியின் எட்வர்ட் ஹீத். ரெக் குட்வின் தலைவரானார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது.

5. 1977 மே 5. கன்சர்வேடிவ் 64, தொழிலாளர் கட்சி 28. பிரதமர் தொழிலாளர் கட்சியின் ஜேம்ஸ் கேலகன். ஹொரேஸ் கட்லர் தலைவர். மன்றத்துக்குச் சொந்தமான வாடகை வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்கும் கொள்கையைத் தீவிரமாக்கியவர் இவர். தாட்சர் அரசு பிறகு நாடு முழுவதும் செய்ததன் முன்னோட்டம் இங்கே நடந்தது. ஃப்ளீட் லைன் என்று திட்டமிட்டிருந்த பாதாள ரயில் பாதைக்கு ராணியின் வெள்ளிவிழாவை ஒட்டி ஜூபிலி என்று பெயர் வைப்போம் என்பதும் அந்தக் கட்சியின் தேர்தல் வாக்குறுதி. 1979இல் அந்தப் பெயரிலேயே பாதை திறந்தது. இதே தேர்தலில், குடியேறியவர்களுக்கு எதிரான நேஷனல் ஃபிரண்ட் கட்சி லண்டன் முழுவதும் சுமார் 5 சதவீத வாக்கு வாங்கியது. இடம் எதுவும் இல்லை. விகிதாசார முறையாக இருந்திருந்தால் அவர்கள் மன்றத்துக்குள் நுழைந்திருக்கக்கூடும். ‘முந்துபவருக்கே இடம்’ என்ற முறையைக் குறை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. 1981 மே 7. தொழிலாளர் கட்சி 50, கன்சர்வேடிவ் 41, லிபரல் 1. பிரதமர் தாட்சர். இரு பெரிய கட்சிகளுக்கும் வாக்கில் இருந்த வித்தியாசம் இரண்டு சதவீதம் அளவுதான். லிபரல்கள் சுமார் 14 சதவீதம் வாங்கி ஒரே ஒரு இடம் பெற்றார்கள்.

## ஏன் எப்போதும் எதிர்க்கட்சி?

பட்டியலை மறுபடி பாருங்கள். ஆறு தேர்தலிலும் ஜெயித்தது அந்தந்த நாளில் நாட்டை ஆளாத கட்சி. ஒருமுறைகூட விலக்கு இல்லை. மூன்று காரணங்கள் சொல்லலாம்.

1. பொதுத் தேர்தலுக்கும் அடுத்த பொதுத் தேர்தலுக்கும் இடையில் வரும் எந்தத் தேர்தலிலும் ஆளுங்கட்சிக்கு அடி விழும். அரசின் மீது கோபமுள்ளவர்கள் வாக்களிக்க வருவார்கள். திருப்தியாக இருப்பவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். முதல் தேர்தலில் வாக்களித்தவர்களே சுமார் 44 சதவீதம். 1967இல் அதுவும் குறைந்தது. இவ்வளவு குறைந்த வாக்குப்பதிவில், யார் வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

2. ஜி.எல்.சி என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரியாது. குப்பை வண்டி வராவிட்டால் பரோவைத் திட்டலாம். நிலப் பயன்பாட்டுத் திட்டம் பிடிக்கவில்லை என்று யாரும் தெருவில் நின்று பேசுவதில்லை. வேலை கண்ணுக்குத் தெரியாத மன்றத்துக்கு வாக்களிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பிரதமரை நினைத்து வாக்களிப்பது இயல்பு.

3. இரண்டு கட்சிக்கும் லண்டனில் ஏறத்தாழ சமமான பலம். உள் லண்டன் ஒருவருக்கு, புறநகர் மற்றவருக்கு. எனவே சிறிய காற்றுக்கே மன்றம் கைமாறியது.

இதன் விளைவாக, தேம்ஸ் நதியின் ஒரு கரையில் நாடாளுமன்றமும் எதிர்க்கரையில் ஜி.எல்.சியின் கவுண்டி ஹாலும் நேருக்கு நேர் நிற்க, ஒவ்வொரு தேர்தலும் எதிர்க்கட்சியைக் கவுண்டி ஹாலில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஆளுங்கட்சி எதுவானாலும் அதன் கண்முன்னே எதிராளிக்கு ஒரு கோட்டை.

அப்படியானால் இருபது ஆண்டுகள் எப்படித் தாங்கியது? இதற்குப் பதில் பட்டியலின் இன்னொரு பாதியில் இருக்கிறது. 1964 ஏப்ரலில் ஜி.எல்.சியை வென்ற தொழிலாளர் கட்சி அதே அக்டோபரில் நாட்டை வென்றது. 1967இலும் 1970 ஏப்ரலிலும் வென்ற கன்சர்வேடிவ் 1970 ஜூனில் ஆட்சிக்கு வந்தது. 1973இல் வென்ற தொழிலாளர் கட்சி 1974இல் ஆட்சி அமைத்தது. 1977இல் வென்ற கன்சர்வேடிவ் 1979இல் வந்தது. ஐந்து முறையும், இன்று கவுண்டி ஹாலில் இருப்பவர்களின் கட்சி நாளை நதியைக் கடந்தது. அரசுக்குத் தொல்லை என்றாலும் அது தற்காலிகத் தொல்லை. அடுத்த முறை நாமே அங்கே உட்காரலாம் என்ற நினைப்பு இருவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஆறாவது முறை அந்தச் சங்கிலி அறுந்தது. 1981இல் ஜி.எல்.சியை வென்ற தொழிலாளர் கட்சி 1983 பொதுத் தேர்தலில் படுதோல்வி அடைந்தது. தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். மன்றத்தைக் கலைக்க வேண்டும் என்ற எரிச்சல் அதற்கு முன்பும் அரசுகளுக்கு இருந்திருக்கலாம். எரிச்சலோடு கூடவே, கலைக்கத் தேவையான அரசியல் பலமும் ஒரே கையில் சேர்ந்தது 1983இல்தான். லிவிங்ஸ்டன் இல்லாமல் வேறொருவர் தலைவராக இருந்திருந்தாலும் இந்த மோதல் ஏதாவது ஒரு வடிவில் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒருவேளை இவ்வளவு சத்தம் இருந்திருக்காது.

## 1981 மே முதல் 1983 ஜூன் வரை

சத்தத்துக்குக் குறைவில்லை. தேர்தலில் தொழிலாளர் கட்சியை வழிநடத்தியவர் மிதவாதியான ஆண்ட்ரூ மெக்கின்டாஷ். வெற்றி பெற்ற மறுநாள் கட்சியின் 50 கவுன்சிலர்களும் கூடி, 30க்கு 20 என்ற கணக்கில் அவரை இறக்கிவிட்டு லிவிங்ஸ்டனைத் தலைவராக்கினார்கள். விதிப்படி தவறில்லை, தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களின் உரிமை. ஆனால் வாக்காளர் ஒரு முகத்துக்கு வாக்களித்து மறுநாள் இன்னொரு முகத்தைப் பெற்றார். நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பிற்காலக் கோரிக்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நாள் போதும்.

அடுத்து பயணக் கட்டணம். கட்டணத்தைக் குறைப்போம் என்பது தேர்தல் வாக்குறுதி. 1981 அக்டோபரில் பேருந்து, பாதாள ரயில் கட்டணம் 32 சதவீதம் குறைந்தது. பணம் ரேட்ஸ் வரியைக் கூட்டித் திரட்டப்பட்டது. தெற்கே இருக்கும் ப்ரோம்லி பரோ நீதிமன்றம் போனது. அந்தப் பரோவில் பாதாள ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வரி மட்டும் ஏறியது. 1981 டிசம்பரில், நாடாளுமன்ற மேலவையாகவும் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒருமனதாக மன்றத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 1969 சட்டம் போக்குவரத்தைச் சிக்கனமாக நடத்தச் சொல்கிறது, வரி செலுத்துவோரின் பணத்துக்கு மன்றம் அறங்காவலர் போன்ற பொறுப்புள்ளது என்பது தீர்ப்பின் சாரம். நம் பேச்சுக்கு முக்கியமானது இன்னொன்று. தேர்தல் அறிக்கையில் சொல்லிவிட்டோம், மக்கள் வாக்களித்துவிட்டார்கள் என்பதாலேயே ஒரு மன்றம் அதை அப்படியே நிறைவேற்றக் கட்டுப்பட்டதல்ல. பதவிக்கு வந்தபின் எல்லாத் தரப்பையும் எடைபோட்டு மறுபடி யோசிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. சட்டத்துக்கு உட்பட்டு மறுபடி திட்டமிட்டு, 1983 மே மாதம் 25 சதவீதம் குறைத்தார்கள். அப்போது அறிமுகமானதுதான் டிராவல்கார்டு, பேருந்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. மன்றம் போய்விட்டது, அந்த ஏற்பாடு இருக்கிறது.

இதற்கிடையே கவுண்டி ஹால் உச்சியில் லண்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கையைப் பெரிய பதாகையாகக் கட்டி, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தினமும் பார்க்கும்படி வைத்தார்கள். 1983 ஜூன் தேர்தலுக்கான கன்சர்வேடிவ் அறிக்கையில் ஜி.எல்.சியையும், மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம் போன்ற நகரங்களைச் சுற்றியிருந்த ஆறு பெருநகர கவுண்டி மன்றங்களையும் கலைப்போம் என்ற வரி இருந்தது. அந்த ஏழு மன்றங்களும் அப்போது தொழிலாளர் கட்சி வசம்.

அரசின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். நகர சேவைகளில் பெரும்பகுதியைப் பரோக்களே செய்கின்றன. மேலடுக்கு வரியை ஏற்றுகிறது, தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் தலையிடுகிறது. ஒரே வேலையை இரண்டு அலுவலகங்கள் பார்க்கின்றன என்றது. சாலை, வீட்டுவசதி விஷயங்களில் ஜி.எல்.சிக்கும் பரோக்களுக்கும் ஓயாத இழுபறி இருந்தது உண்மை. ஆனால் அதற்கு மருந்து அதிகாரங்களைத் தெளிவாகப் பிரிப்பதா, ஒருவரை இல்லாமல் ஆக்குவதா என்பதில் வாதம் பலவீனமானது.

## நடக்காத ஏழாவது தேர்தல்

ஜி.எல்.சியின் அடுத்த தேர்தல் 1985 மே மாதம் வரவேண்டும். கலைப்புச் சட்டம் அமலாவதோ 1986இல். நடுவில் தேர்தல் நடந்தால் கலைப்பு வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பாகவே அது மாறும் என்று அரசுக்குத் தெரியும். கருத்துக்கணிப்புகளில் லண்டன்வாசிகளில் பெரும்பான்மையோர் கலைப்பை எதிர்த்தார்கள்.

எனவே 1984இல் ஒரு முன்னோடி மசோதா வந்தது. இதன் நுணுக்கத்தைக் கவனியுங்கள். 1985 தேர்தல் ரத்து. கடைசி ஓராண்டுக்கு, பரோக்கள் நியமிக்கும் கவுன்சிலர்கள் ஜி.எல்.சியில் உட்காருவார்கள். 1982 பரோ தேர்தலில் அதிகப் பரோக்களைப் பிடித்தது கன்சர்வேடிவ் கட்சி. ஆக, ஒரு வாக்குகூடப் பதிவாகாமல் மன்றம் தொழிலாளர் கட்சியிடமிருந்து கன்சர்வேடிவ் கட்சிக்குக் கைமாறும். முன்னாள் கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத்தே பொறுக்கவில்லை. 150 ஆண்டுகளில் மிகப் பெரிய தேர்தல் தில்லுமுல்லு என்ற பழிக்குத் தம் கட்சி ஆளாகும் என்று அவையிலேயே எச்சரித்தார்.

வாக்காளர் யாரும் தேர்ந்தெடுக்காத பிரபுக்கள் சபைதான் இதைத் தடுத்தது. 1984 ஜூன் 28 அன்று அரசு அங்கே தோற்றது. பிறகு சமரசம்: தேர்தல் கிடையாது, ஆனால் 1981இல் வென்றவர்களே இன்னும் ஓராண்டு தொடர்வார்கள். 2025இல் எசெக்சிலும் சர்ரேயிலும் நடந்ததும் சட்ட அளவில் இதே மாதிரிதான்.

மன்றம் விளம்பரத்தில் இறங்கியது. லிவிங்ஸ்டன் முகத்தைப் பெரிதாகப் போட்ட சுவரொட்டி ஒன்று, என்னை வெளியேற்ற விரும்பினால் வாக்களித்து வெளியேற்றும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும் என்று கேட்டது. அவரைப் பிடிக்காதவர்களையும் தன் பக்கம் இழுத்த வாசகம் அது. லிவிங்ஸ்டன் உட்பட நான்கு தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள் ராஜினாமா செய்து 1984 செப்டம்பரில் இடைத்தேர்தலை வரவழைத்தார்கள். நடக்காத தேர்தலுக்கு மாற்றாக ஒரு சின்னத் தேர்தல். கன்சர்வேடிவ் கட்சி போட்டியிடவே இல்லை. நால்வரும் வென்றார்கள்; முதன்மை எதிராளி இல்லாத பந்தயத்தில் வெற்றியின் அளவை யாரும் அளக்க முடியவில்லை.

தேர்தலைத் தள்ளிவைக்கும் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதல்ல. 1967இல் வரவேண்டிய லண்டன் பரோ தேர்தலை வில்சனின் தொழிலாளர் கட்சி அரசு சட்டம் போட்டு 1968க்குத் தள்ளியது. அதனால் லாபம் இல்லை. 1968இல் பெரும்பாலான பரோக்களை அந்தக் கட்சி இழந்தது.

## கலைத்த பிறகு

1985இன் உள்ளாட்சிச் சட்டப்படி 1986 மார்ச் 31 நள்ளிரவோடு ஜி.எல்.சி முடிந்தது. போக்குவரத்து அதற்கு முன்பே, 1984 ஜூனில், மத்திய அரசின் கைக்குப் போய்விட்டது. மற்ற வேலைகள் பல திசைகளில் சிதறின.

1. தீயணைப்பு, பரோக்களின் பிரதிநிதிகள் கொண்ட கூட்டு அமைப்புக்குப் போனது.
2. தேம்ஸ் வெள்ளத் தடுப்பணையை ஜி.எல்.சி கட்டி முடித்து, 1984 மே மாதம் ராணி திறந்துவைத்திருந்தார். அது நீர் வாரியத்துக்குப் போனது.
3. உள் லண்டன் பள்ளிகளைக் கவனித்த கல்வி ஆணையத்துக்கு 1986 மே மாதம் நேரடித் தேர்தல் நடந்தது. அதுவே அதன் முதல் நேரடித் தேர்தல், கடைசியும்கூட. 1990இல் அதையும் கலைத்தார்கள்.
4. மிச்சமிருந்த சொத்தையும் கடனையும் தீர்க்க ஒரு எச்ச வாரியம் அமைந்தது. கவுண்டி ஹால் விற்கப்பட்டு, இன்று அங்கே ஹோட்டலும் மீன் காட்சியகமும் இருக்கின்றன.

பதினான்கு ஆண்டுகள் லண்டன், நகரம் முழுவதற்கும் பேசும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாமல் இருந்தது. 1998 மே மாத வாக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் மேயரும் பேரவையும் வேண்டும் என்றார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 34 சதவீதம். 2000 மே 4 அன்று முதல் மேயர் தேர்தல். வேட்பாளராக்க மறுத்த தொழிலாளர் கட்சியை எதிர்த்து, சுயேச்சையாக நின்று வென்றார் லிவிங்ஸ்டன்.

பழைய மன்றத்தின் குறைகள் சிலவற்றைப் புதிய அமைப்பு சரிசெய்தது. தலைவர் யார் என்பதை வாக்காளரே முடிவு செய்கிறார். மறுநாள் மாற்றிவிட முடியாது. 25 பேர் கொண்ட பேரவையில் 14 பேர் தொகுதிவாரியாகவும் 11 பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருவதால், 14 சதவீதம் வாங்கி ஒரே இடம் பெறும் நிலை இல்லை. எதிர்க்கட்சியே வெல்லும் என்ற விதியும் உடைந்தது. 2004இல் ஆளும் தொழிலாளர் கட்சியின் வேட்பாளராக லிவிங்ஸ்டன் வென்றார். 2012இல் கன்சர்வேடிவ் தலைமையிலான கூட்டணி அரசு நடக்கும்போதே அந்தக் கட்சியின் போரிஸ் ஜான்சன் வென்றார். வாக்காளர்கள் பிரதமரை மறந்து மேயரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சட்ட நிலை மட்டும் மாறவில்லை. புதிய அமைப்பும் 1999இல் இயற்றிய ஒரு சாதாரணச் சட்டத்தின் மேல் நிற்கிறது. முதலில் மேயர் தேர்தலில் வாக்காளருக்கு முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என இரண்டு வாக்குகள் இருந்தன. கன்சர்வேடிவ் அரசு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதை நீக்கி, ஒரே வாக்கு, அதிகம் வாங்கியவர் வெற்றி என்று மாற்றியது. சாதிக் கான் மூன்றாம் முறை வென்ற 2024 தேர்தல் அந்த முறையில் நடந்தது. தொழிலாளர் கட்சி அரசு 2025 ஜூலையில் கொண்டுவந்த மசோதா, மேயர் தேர்தல்களுக்குப் பழைய இரண்டு விருப்ப முறையைத் திரும்பக் கொண்டுவர முன்மொழிந்தது. மாவட்ட மன்றங்களின் மறுசீரமைப்புக்கான ஏற்பாடுகள் இருப்பதும் அதே மசோதாவில்தான்.